குதிரைவண்டிக் கதையும் கேட்கப்படாத பாட்டும்

பிரிட்டிஷ் பாடகி வஷ்டி பன்யனைப் பற்றி யார் எழுதினாலும் முதலில் குதிரைவண்டி வந்து நிற்கிறது. 1968இல் லண்டனைவிட்டு, பெஸ் என்ற குதிரை பூட்டிய வண்டியில், ஸ்காட்லாந்தின் மேற்குத் தீவுகளை நோக்கிப் புறப்பட்டார். பாடகர் டோனவன் அங்கே கலைஞர்களுக்கு ஒரு குடியிருப்பு அமைப்பதாகப் பேச்சு. அந்தப் பயணத்தில் பிறந்த பாட்டுகள்தான் 'ஜஸ்ட் அனதர் டயமண்ட் டே' என்ற முதல் ஆல்பம். 1970 டிசம்பரில் வெளியானது, சில நூறு பிரதிகள்தான் விற்றன. மனம் வெறுத்துப் பாடுவதையே விட்டுவிட்டார். 2000இல் மறுவெளியீடு வந்ததும் கொண்டாட்டம் தொடங்கியது.

உலகம் ஒரு மேதையைப் புறக்கணித்துவிட்டுப் பிறகு திருந்தியது என்று இதை முடித்துவிடுகிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. அன்று காதுகொடுக்காதவர்களும் இன்று தலையில் வைத்துக் கூத்தாடுகிறவர்களும் ஒரே தவற்றைத்தான் செய்கிறார்கள். அவர்களுக்கு இது குழந்தைப் பாட்டு, இவர்களுக்குக் களங்கமற்ற கனவு. இரண்டுக்கும் எத்தனை தூரம்?

தலைப்புப் பாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். புல், வைக்கோல், கடந்துபோகும் குதிரைகள், இன்னும் உழவேண்டிய வயல், ஒரு கோதுமை மணி. நாள் முழுக்க உடம்பு வணங்கிச் செய்யும் வேலைகள் இவை. குரலில் புகார் இல்லை, புளகாங்கிதமும் இல்லை. வரியின் முடிவில் சுருதியை ஏற்றிக் கைதட்டலுக்கு ஏங்குவதும் இல்லை. ஆனால் இசைக்கோர்ப்பாளர் ராபர்ட் கிர்பி இதற்கு ரெக்கார்டர் குழல்களைச் சேர்த்திருக்கிறார். பிரிட்டனில் பள்ளிப்பிள்ளைகள் முதலில் கையில் எடுக்கும் கருவி அது. குழந்தைத்தனம் என்று முத்திரை குத்த அந்த ஒலி ஒன்றே போதுமானதாகிவிட்டது என்று நினைக்கிறேன்.

எல்லாப் பாட்டும் உயர்வு என்று வாதாட மாட்டேன். 'லில்லி பாண்ட்' எனக்கே திகட்டுகிறது. 'ரோஸ் ஹிப் நவம்பர்' வேறு ரகம், இலையுதிர்காலக் குளிர் அதில் எலும்பில் இறங்குகிறது.

அன்றைய மௌனத்துக்கு ரசனைக்குறைவு மட்டுமா காரணம்? தயாரிப்பாளர் ஜோ பாய்ட் ஒலிப்பதிவு செய்தது 1969 கடைசியில், ஆல்பம் வெளிவந்தது ஓராண்டு கழித்து. அதற்குள் வஷ்டி கைக்குழந்தைக்காரி. ஊர் ஊராய் மேடையேறி விற்க யாரும் இல்லை. அதே பாய்டும் கிர்பியும் துணைநின்ற பாடகர் நிக் டிரேக்கின் முதல் ஆல்பமும் அப்போது சரியாக விற்கவில்லை. பிற்காலத்தில் டிரேக்கைக் கார் விளம்பரம் ஒன்றும் வஷ்டியைக் கைபேசி விளம்பரம் ஒன்றும் பரவலாகக் கொண்டுசேர்த்தன. மறுகண்டுபிடிப்பு என்று புல்லரிப்பவர்கள் இந்த வியாபாரக் கணக்கை மட்டும் வசதியாக விழுங்கிவிடுகிறார்கள்.

தம்மை நாட்டார் பாடகி என்று அழைப்பதையே வஷ்டி ஏற்பதில்லை. 1965இல் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் ஜாகரும் ரிச்சர்ட்ஸும் எழுதிய பாட்டோடு பாப் உலகில் நுழைந்தவர் அவர். யார் கேட்கிறார்கள்? குதிரைவண்டி இருக்கிறதே!

35 ஆண்டு இடைவெளிக்குப் பின், 2005இல், 'லுக்ஆஃப்டரிங்' வந்தது. விமர்சகர்கள் பாராட்டத்தான் செய்தார்கள். ஆனாலும் பேச்செல்லாம் பழைய வண்டித்தடத்துக்கே திரும்பிவிடுகிறது. என்னைக் கேட்டால் அதுதான் கனமான ஆல்பம். அதில் பிள்ளைகளைப் பற்றி 'ஹியர் பிஃபோர்' என்றொரு பாட்டு இருக்கிறது, கேளுங்கள். அதையும் வெறும் தாலாட்டு என்று யாராவது சொன்னால் சண்டைக்கு வருவேன்.