சாட்சிக்குப் பிறகு

பல ஆண்டுகளுக்கு முன் ஒரு கூட்டத்தில் என்னைச் சாட்சி சொல்ல அழைத்தார்கள். கோபக்காரனாக இருந்த என்னைத் தேவ கிருபை எப்படி மாற்றியது என்று உருக்கமாகப் பேசினேன். வீட்டுக்கு வந்ததும், மேசைமேல் வைத்திருந்த ஒரு கோப்பு இடம் மாறியிருந்ததற்காக மனைவியிடம் கத்தினேன். அவள் கோப்பைத் தேடி எடுத்துக் கையில் கொடுத்துவிட்டு, "இதையும் சாட்சியில் சேர்த்துச் சொல்லியிருக்கலாம்" என்றாள்.

அன்று முதல், ஒரே நொடியில் எல்லாம் மாறிவிட்டது என்று முடிகிற சாட்சிகளைக் கேட்கும்போது எனக்குச் சற்றுத் தயக்கம் உண்டு. சொல்பவர்கள் பொய் சொல்கிறார்கள் என்று நான் நினைக்கவில்லை. கதையைத் தொடங்கிய இடத்திலேயே முடித்துவிடுகிறார்கள் என்றுதான் நினைக்கிறேன்.

அடிமைகளை ஏற்றிச் செல்லும் கப்பல்களில் வேலை செய்து, பின்னாளில் போதகராகி, 'Amazing Grace' பாடலை எழுதிய ஆங்கிலேயர் ஜான் நியூட்டனின் வாழ்க்கையை எடுத்துக்கொள்வோம். 1748 மார்ச்சில் நடுக்கடலில் கப்பல் புயலில் சிக்கியபோது அவர் கடவுளைக் கூப்பிட்டார் என்பது மேடைதோறும் சொல்லப்படுகிற செய்தி. அதற்குப் பிறகும் அவர் அடிமை வாணிபத்தில் இருந்தார் என்பதும், கப்பல் தலைவராகவே மூன்று பயணங்கள் போனார் என்பதும் அவ்வளவாகச் சொல்லப்படுவதில்லை. 1754-இல் அவர் கடலை விட்டதும் மனசாட்சி உறுத்தியதால் அல்ல, உடல்நலம் கெட்டதால். அந்த வாணிபத்தின் கொடுமையை வெளிப்படையாகக் கண்டித்தும், அதில் தன் பங்கை ஒப்புக்கொண்டும், அந்த ஒப்புதல் காலம் கடந்து வருகிறது என்பதையும் மறைக்காமல் அவர் ஒரு சிறு நூலை வெளியிட்டது 1788-இல், புயலுக்கு நாற்பது ஆண்டுகள் கழித்து. புயல் நாளில் தான் முழுப் பொருளில் விசுவாசியாகிவிடவில்லை என்று பிற்காலத்தில் அவரே எழுதியும் வைத்தார்.

இதைக் காட்டி, கிருபை என்பதே வெறும் பேச்சு என்று ஒருவர் வாதிடலாம். அந்த நாற்பது ஆண்டுகளில் கப்பலின் அடித்தளத்தில் சங்கிலியோடு கிடந்தவர்களை நினைத்தால் அந்த வாதத்தை எளிதில் தள்ளிவிடவும் முடியாது. நியூட்டனின் தாமதத்துக்கு விலை கொடுத்தவர் நியூட்டன் அல்ல. ஆனாலும் எனக்கு வேறொன்றும் தெரிகிறது. தேவாலயத்தில் மதிப்போடு இருக்கும் ஒரு முதிய போதகர், தன் பழைய குற்றத்தைத் தானே அச்சிட்டு ஊரறியச் செய்ய வேண்டிய கட்டாயம் ஏதுமில்லை. தன் பெயரைக் காப்பாற்றிக்கொள்ளும் தேவை ஒருவனுக்குள் தளர்ந்தால்தான் அவன் அப்படி எழுத முடியும்.

கிருபை வேலை செய்யும் இடம் இதுதான் என்பது என் அனுபவம். கோபத்தை அடக்க நானாக எடுத்த முயற்சிகள், எத்தனை நாள் கத்தாமல் இருந்தேன் என்று கணக்குப் பார்க்கத்தான் உதவின. அந்தக் கணக்கே பின்னர் பெருமையாகி, அடுத்த சண்டைக்குக் காரணமாயிற்று. சண்டை நீண்டதற்குக் காரணம் கோபம்கூட அல்ல, என் பக்கமே நியாயம் என்று நிலைநாட்டியாக வேண்டும் என்ற பிடிவாதம். நம் செயல்களால் அல்ல, விசுவாசத்தினாலேயே கடவுள் நம்மை நீதிமானாக ஏற்கிறார் என்ற அப்போஸ்தலன் பவுலின் போதனையைச் சிறுவயது முதல் மனப்பாடமாக வைத்திருந்தவன் நான். கடவுள் என்னை ஏற்கெனவே ஏற்றுக்கொண்டார் என்றால், சமையலறை வாசலில் நின்று என் நீதியை நானே நிரூபிக்கத் தேவையில்லை என்ற சாதாரண விஷயம் புரிய எனக்கு நாற்பது வயது கடந்தது.

லூக்காவின் சுவிசேஷத்தில் இயேசுவைச் சந்தித்து மனம் மாறிய வரி வசூலிப்பவன் சகேயுவின் மாற்றம் உடனடியானதுதானே என்று கேட்பார்கள். உண்மைதான்; அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாக, அதாவது நான்கு மடங்காக, திருப்பித் தருவதாக அவன் அங்கேயே சொன்னான். ஆனால் ஏமாந்தவர்களின் வீடுகளைத் தேடிப் போய், பழைய கணக்கைப் பிரித்து, அவர்கள் முகத்தைப் பார்த்து எண்ணிக் கொடுக்க வேண்டிய நாட்கள் அதற்குப் பிறகுதான் வந்திருக்கும். லூக்கா அந்த நாட்களைப் பற்றி எழுதவில்லை. எனக்கோ அவற்றைப் படிக்கத்தான் ஆசை.

முன்பு நான் மன்னிப்புக் கேட்க இரண்டு மூன்று நாள் ஆகும்; அதுவும் "நீயும்தான்" என்ற சொல் சேராமல் வராது. இப்போது பெரும்பாலும் அன்றிரவே கேட்டுவிடுகிறேன். இதை மனைவியும் ஒப்புக்கொள்கிறாள். மேடையேறிச் சொல்லலாமா என்று கேட்டதற்கு மட்டும், இன்னும் கொஞ்சம் போகட்டும் என்றாள்.