மினிமம் பேலன்ஸ் அபராதம்: கெஞ்ச வேண்டாம், தேதியைக் கேளுங்கள்

பாஸ்புக்கில் 590 ரூபாய் என்று ஒரு பற்று விழுந்திருந்தால் அதைப் பிரித்துப் பாருங்கள். 500 ரூபாய் அபராதம், அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 90 ரூபாய். கவுன்ட்டரில் கேட்டால் "மினிமம் பேலன்ஸ் இல்ல, சிஸ்டமே பிடிச்சுக்கும்" என்பார்கள். பாதிப்பேர் அதோடு திரும்பிவிடுகிறார்கள். மீதிப்பேர் "ஏழை வயித்துல அடிக்கிறீங்களே, இது நியாயமா?" என்று சத்தம் போடுகிறார்கள்.

நியாயமில்லைதான். இருப்பு வைக்க வசதி இல்லாதவரிடமே போய் அபராதம் பிடிப்பது அசிங்கமான வேலை. பொதுத்துறை வங்கிகள் மட்டும் 2019-20 முதல் 2023-24 வரை ஐந்து நிதியாண்டுகளில் இந்த வகையில் வசூலித்தது சுமார் 8,500 கோடி ரூபாய் என்று 2024 ஜூலையில் மக்களவையிலேயே பதில் வந்தது. ஆனால் நியாயம் பேசிப் பணத்தைத் திரும்ப வாங்குவது கடினம். கட்டணம் எவ்வளவு என்பதை வங்கியின் இயக்குநர் குழு முடிவு செய்துகொள்ள ரிசர்வ் வங்கி விட்டிருக்கிறது. "கட்டணம் அதிகம்" என்று மட்டும் எழுதிய புகாரை "வங்கியின் வணிக முடிவு" என்று ஒரே வரியில் மூடிவிடலாம். பிரிட்டனிலும் ஓவர்டிராஃப்ட், அதாவது இருப்புக்கு மேல் பணம் எடுப்பது, அதற்கான கட்டண வழக்கு 2009 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தில் இங்கேதான் முட்டிக்கொண்டது: கட்டணம் என்பது சேவைக்கான விலையின் ஒரு பகுதி, அந்த விலை நியாயமா என்று நுகர்வோர் ஒப்பந்த விதிகளின் கீழ் ஆராய முடியாது என்று தீர்ப்பு. அங்கே அனுமதியில்லா ஓவர்டிராஃப்டுக்கான நிலையான கட்டணங்கள் ஒழிய 2020 ஏப்ரல் வரை, ஒழுங்குமுறை ஆணையமே தலையிடும் வரை, காத்திருக்க வேண்டியிருந்தது.

அதனால் தொகையை விட்டுவிட்டு, அதைப் பிடித்த முறையைப் பிடியுங்கள். வங்கிகள் சறுக்குவது அங்கேதான்.

2014 நவம்பர் 20 அன்று ரிசர்வ் வங்கி ஒரு சுற்றறிக்கை விட்டது. 2015 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதில் நமக்கு வேண்டியவை மூன்று.

முதலாவது, முன்னறிவிப்பு. இருப்பு குறைந்தால் எஸ்எம்எஸ், மின்னஞ்சல், கடிதம் என ஏதாவது ஒரு வழியில் வங்கி சொல்ல வேண்டும். சொன்ன நாளிலிருந்து குறைந்தது ஒரு மாதம் அவகாசம் தர வேண்டும். அதற்குள் இருப்பைச் சரிசெய்யாவிட்டால்தான் அபராதம். நடப்பது என்ன? பணத்தைப் பிடித்துவிட்டு அதே நாளில் "உங்கள் கணக்கில் இவ்வளவு கழிக்கப்பட்டது" என்று ஒரு எஸ்எம்எஸ். அது பற்றுத் தகவல், முன்னறிவிப்பு ஆகாது. ஜூன் 3-ஆம் தேதி "மே மாத இருப்பு குறைவு" என்று செய்தி அனுப்பிவிட்டு ஜூன் 10-ஆம் தேதி பிடித்தாலும் அது ஏழு நாள் அவகாசம்தான்.

இரண்டாவது, விகிதம். அபராதம் குறைந்த தொகைக்கு ஏற்ற சதவீதமாக இருக்க வேண்டும். எவ்வளவு குறைந்தாலும் ஒரே அபராதம் என்று பிடிக்கக் கூடாது. ஒரு வங்கி "குறைவில் 6 சதவீதம் அல்லது 500 ரூபாய், எது குறைவோ அது" என்று கட்டணப் பட்டியலில் போட்டிருக்கிறது என்று வையுங்கள். வைக்க வேண்டியது 10,000, உங்கள் மாதச் சராசரி 8,000. குறைவு 2,000. அதில் 6 சதவீதம் 120 ரூபாய், ஜிஎஸ்டி 21 ரூபாய் 60 காசு, மொத்தம் 141.60. உங்களிடம் 590 பிடித்திருந்தால் 448 ரூபாய் 40 காசு வங்கி தன் பட்டியலையே மீறி எடுத்தது.

மூன்றாவது, மைனஸ். இந்த அபராதம் ஒன்றினாலேயே சேமிப்புக் கணக்கு எதிர்மறை இருப்புக்குப் போகக் கூடாது. கணக்கில் 212 ரூபாய் இருக்கும்போது 590 பிடித்து மைனஸ் 378 என்று காட்டினால் விதிமீறல். இதில் ஒரு நெளிவு உண்டு. டெபிட் கார்டு ஆண்டுக் கட்டணம், எஸ்எம்எஸ் கட்டணம் எல்லாம் சேர்ந்துதான் மைனஸ் ஆனது என்று வங்கி சொல்லும். ஸ்டேட்மென்ட்டில் எந்த வரியில் இருப்பு பூஜ்யத்தைத் தாண்டியது என்று பார்த்து அந்த வரியைக் குறிப்பிடுங்கள். நேரடியாக மைனஸ் காட்டாமல் பாக்கியை லீன் என்று ஓரமாக நிறுத்திவைத்து, பணம் வந்ததும் விழுங்குவதும் உண்டு. அப்போது மாதவாரியான கணக்கை எழுத்தில் கேளுங்கள். கேட்டாலே சில பாக்கிகள் மறைந்துவிடும்.

இதோடு இன்னொன்று. இரண்டு வருடத்துக்கு மேல் நீங்கள் எந்தப் பரிவர்த்தனையும் செய்யாமல் இனாபரேட்டிவ் ஆன கணக்கில் மினிமம் பேலன்ஸ் அபராதமே பிடிக்கக் கூடாது. அதை மீண்டும் செயல்படுத்தவும் காசு கேட்கக் கூடாது. வங்கி தானாகப் போடும் வட்டியும் தானாகப் பிடிக்கும் கட்டணமும் உங்கள் பரிவர்த்தனை ஆகாது.

புகாருக்கு முன் கணக்குப் போட்டுவிடுங்கள். மாதச் சராசரி என்றால் ஒவ்வொரு நாளும் இரவு மூடும் நேரத்து இருப்பைக் கூட்டி நாட்களால் வகுப்பது. 5,000 சராசரி வேண்டும், மாதம் 30 நாள் என்றால் கூட்டுத்தொகை 1,50,000 வர வேண்டும். முதல் 20 நாளும் 1,000 மட்டும் இருந்திருந்தால் கூட்டுத்தொகை 20,000. மிச்சம் 10 நாளும் தலா 13,000 வைத்தால்தான் தப்பிக்கலாம். "கடைசி வாரம் 5,000 போட்டுட்டேனே" என்பவர்கள் மாட்டுவது இதனால்தான். காலையில் வந்து மாலைக்குள் போன பணம் கணக்கிலேயே சேராது. நம் பக்கம் கணக்கு தப்பாக இருந்தால் புகாரில் அதை மறைக்காதீர்கள். இருப்பு குறைந்தது உண்மை, முன்னறிவிப்பு வரவில்லை என்பதும் உண்மை. இரண்டும் சேர்ந்தே நிற்கும்.

வேலை மாறியவர்கள் கவனிக்க: சம்பளம் வருவது நின்றால், பெரும்பாலும் மூன்று மாதத்தில், ஜீரோ பேலன்ஸ் சம்பளக் கணக்கைச் சாதாரணக் கணக்காக மாற்றிவிடுகிறார்கள். மாற்றியதை எந்தத் தேதியில், எந்த எண்ணுக்குத் தெரிவித்தார்கள் என்று கேளுங்கள். பழைய கம்பெனி மின்னஞ்சலுக்கு அனுப்பிவிட்டு "தெரிவித்தாயிற்று" என்று சொல்லும் வழக்கம் இருக்கிறது.

இனி கடிதம். நீட்டி முழக்க வேண்டாம், இவ்வளவு போதும்:

"எனது சேமிப்புக் கணக்கில் (எண்ணின் கடைசி நான்கு இலக்கம்) கீழ்க்கண்ட தேதிகளில் குறைந்தபட்ச இருப்பு அபராதமாகவும் அதற்கான ஜிஎஸ்டியாகவும் மொத்தம் ரூ. ___ பிடிக்கப்பட்டுள்ளது. இருப்பைச் சரிசெய்ய ஒரு மாத அவகாசம் தரும் முன்னறிவிப்பு எனக்கு வரவில்லை. அனுப்பியிருந்தால் அனுப்பிய தேதி, வழி, எண் அல்லது முகவரி, வாசகம் ஆகியவற்றைத் தரவும். ஒவ்வொரு மாதத்தின் சராசரி இருப்பு, குறைவு, விதித்த சதவீதம் ஆகியவற்றையும் தரவும். விதிக்கு மாறாகப் பிடித்த தொகையை ஜிஎஸ்டியுடன் திரும்ப வரவு வைக்கவும்."

கீழே தேதியும் தொகையும். ஸ்டேட்மென்ட் பக்கத்தில் அந்த வரிகளை வட்டமிட்டு இணையுங்கள். 2014 சுற்றறிக்கையைக் குறிப்பிடலாம். ஆனால் 2025 நவம்பரில் ரிசர்வ் வங்கி பழைய சுற்றறிக்கைகளையெல்லாம் தொகுப்பு வழிகாட்டுதல்களாக மாற்றிவிட்டதால், எண்ணை மட்டும் எழுதி நிறுத்தாமல் விதி என்ன சொல்கிறது என்பதையும் எழுதுங்கள்.

கிளையில் நேரில் கொடுத்தால் நகலில் முத்திரையும் தேதியும் வாங்காமல் நகராதீர்கள். "சீல் போட மாட்டோம்" என்றால் பதிவுத் தபால், இல்லாவிட்டால் வங்கியின் இணையப் புகார்ப் பக்கம். புகார் எண்ணைப் படம் எடுத்து வையுங்கள். கஸ்டமர் கேரில் பேசியது எழுத்துப் புகாராகாது. கவுன்ட்டரில் இருப்பவரைத் திட்டிப் பயனில்லை, அந்தப் பற்றை அவர் போடவில்லை. திரும்ப வரவு வைக்கும் அதிகாரம் ஓரளவுக்கு மேனேஜரிடம் இருக்கும். தொகை சிறியதாக இருந்தால் பெரும்பாலும் இங்கேயே முடிந்துவிடும். "பாதி ரிவர்ஸ் பண்ணித் தர்றோம், புகார் தீர்ந்ததுன்னு கையெழுத்துப் போடுங்க" என்று வந்தால், "பகுதித் தொகை பெற்றேன், மீதிக்கான கோரிக்கை தொடர்கிறது" என்று எழுதிக் கையெழுத்திடுங்கள்.

30 நாளில் பதில் இல்லை, அல்லது பதில் திருப்தி இல்லை என்றால் ரிசர்வ் வங்கியின் ஆம்புட்ஸ்மன், அதாவது குறைதீர்ப்பாளர். சிஎம்எஸ் என்ற ரிசர்வ் வங்கி இணையதளத்தில் பதியலாம், சண்டிகரில் உள்ள மையத்துக்குத் தபாலிலும் அனுப்பலாம். விளக்கம் கேட்க 14448. கட்டணம் கிடையாது, வக்கீல் தேவையில்லை. 2021-இல் வந்த திட்டம் வங்கியின் பதிலுக்குப் பிறகு ஓராண்டு தந்தது. அவ்வளவு நாள் தள்ளிப்போடாமல் பதில் வந்த வாரமே போட்டுவிடுங்கள். நிராகரிக்கப்படும் புகார்களில் நிறைய, வங்கிக்கு முதலில் எழுதாமல் நேரே இங்கே வந்தவை, அல்லது 30 நாள் முடியும் முன் வந்தவை. முத்திரை போட்ட நகலின் அருமை இப்போதுதான் தெரியும். அந்தத் தளத்தில் பதியும்போது உங்கள் செல்லுக்கு ஓடிபி வரும். அதை நீங்களே தட்டச்சு செய்ய வேண்டும். "ரிஃபண்ட் வாங்கித் தர்றோம், ஓடிபி சொல்லுங்க" என்று போன் செய்பவர் திருடர்.

அஞ்சலகச் சேமிப்புக் கணக்கும் ஊர்க் கூட்டுறவுக் கடன் சங்கமும் இந்த வழியில் வராது.

உதவித்தொகை வரும் கணக்குகள்தான் இதில் ரொம்பக் கொடுமை. 2023 செப்டம்பரில் கலைஞர் மகளிர் உரிமைத் தொகையின் முதல் 1,000 ரூபாய் வந்ததும் சில வங்கிகள் பழைய அபராதத்துக்காக அதை எடுத்துக்கொண்டதாகப் புகார் கிளம்பியது. நிதியமைச்சர் தங்கம் தென்னரசு அப்படிப் பிடிக்கக் கூடாது என்று அறிக்கை விட்டு, 1100 என்ற முதல்வரின் உதவி எண்ணில் புகார் செய்யச் சொன்னார். அம்மாவுக்கோ பாட்டிக்கோ அப்படிப் பணம் வருகிறதென்றால் ஒருமுறை பாஸ்புக்கை என்ட்ரி போட்டுப் பாருங்கள். அவர்கள் கணக்கை அடிப்படைச் சேமிப்புக் கணக்காக, அதாவது பிஎஸ்பிடி கணக்காக, மாற்றித் தரும்படி எழுதிக் கொடுங்கள். அதில் மினிமம் பேலன்ஸே கிடையாது. ஜன் தன் கணக்கும் அதே வகைதான். முக்கிய நிபந்தனை, அதே வங்கியில் வேறு சேமிப்புக் கணக்கு வைத்திருக்கக் கூடாது.

ஸ்டேட் பாங்க் 2020 மார்ச்சிலேயே சேமிப்புக் கணக்குகளுக்கு இந்த அபராதத்தை நிறுத்தியது. 2025-இல் கனரா, பஞ்சாப் நேஷனல், இந்தியன் வங்கி, ஐஓபி என்று வரிசையாகச் சாதாரண சேமிப்புக் கணக்குகளில் நிறுத்தின. அதே ஆண்டு ஆகஸ்டில் ஐசிஐசிஐ வங்கி, நகரங்களில் புதிதாகக் கணக்கு தொடங்குவோருக்கு 50,000 ரூபாய் சராசரி என்று அறிவித்து, எதிர்ப்பு கிளம்பியதும் 15,000-க்கு இறக்கியது. உங்கள் வங்கி நிறுத்தியிருந்தாலும், நிறுத்துவதற்கு முன் பிடித்த பணம் தானாக வராது. அதற்கும் மேலே சொன்ன கடிதம்தான்.

ஆம்புட்ஸ்மனும் கைவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. பணம் பிடித்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். 590 ரூபாய்க்காக அங்கே அலைவதா என்பது உங்கள் விருப்பம். ஆனால் ஒரே கணக்கில் இரண்டு வருடமாக மாதாமாதம் 590 பிடித்திருந்தால் அது 14,160 ரூபாய்.