‘வயசாயிடுச்சுல்ல’ன்னா அது என்ன நோய்?

நாய் எந்திரிக்கக் கஷ்டப்படுதா? வயசாயிடுச்சுல்ல. பூனை எலும்பும் தோலுமா ஆயிடுச்சா? வயசாயிடுச்சுல்ல. வாய் நாறுதா? அட, அதுக்கும் வயசுதான். இந்த ஒத்தை வார்த்தையிலேயே பாதி வைத்தியம் முடிஞ்சுடுது. வீட்டுக்காரங்க மட்டுமில்ல, ரெண்டு நிமிஷத்துல பி-காம்ப்ளெக்ஸ் ஊசி ஒண்ணைக் குத்தி அனுப்புற சில டாக்டர்களும் இதையேதான் சொல்றாங்க.

4 கிலோ பூனை 400 கிராம் குறைஞ்சா உடம்புல பத்துல ஒரு பங்கு போச்சுன்னு அர்த்தம். 60 கிலோ மனுஷன் 6 கிலோ இளைச்சா வீடே ஆஸ்பத்திரியில நிக்கும். பூனைன்னா ‘வெயிலுக்கு இளைச்சிருக்கும்’. பத்து வயசு தாண்டின பூனை இளைச்சா சிறுநீரகம், தைராய்டு, சர்க்கரை மூணையும் பார்க்கணும். நல்லா தின்னுட்டும் இளைக்குதுன்னா பின்னால சொன்ன ரெண்டு மேலயும் சந்தேகம் அதிகம்.

அப்படியே ரத்த டெஸ்ட் எடுத்தாலும் கிரியாட்டினின்ங்கற கழிவு ஒண்ணை மட்டும் பார்த்துட்டு ‘நார்மல்’னு சீட்டை மடிச்சுக் குடுத்துடறாங்க. சிறுநீரகத்தோட வேலைத்திறன் முக்கால்வாசி போன பிறகுதான் அது ஏறும். அதுவும் தசையில இருந்து வர்ற பொருள் அது; சதை கரைஞ்ச கிழட்டுப் பூனைக்கு இன்னும் குறைச்சலாத்தான் காட்டும். அதனால அன்னைக்கே மூத்திரத்தோட அடர்த்தியையும் பார்க்கணும். பூனைக்கு 1.035க்குக் கீழ நின்னா ஏன்னு தோண்டணும். மூத்திரம் எப்படிப் பிடிக்கிறதாம்? கழுவிக் காய வெச்ச மீன் தொட்டிக் கல்லை மணலுக்குப் பதிலாத் தட்டுல பரப்புங்க. ஊறாம நிக்கும், சிரிஞ்சுல உறிஞ்சிக்கலாம். கூடவே ரத்த அழுத்தம். மேல் அளவு 160ஐத் தாண்டி அப்படியே விட்டா விழித்திரை பிரிஞ்சு ஒரே ராத்திரியில கண்ணு போகலாம். அதைப் பார்க்கற கருவி எத்தனை கிளினிக்ல இருக்கு?

அடுத்தது மாத்திரை. இதுலதான் ரத்தம் கொதிக்குது. பாரசிட்டமாலைப் பூனைக்குக் குடுக்காதீங்க! பாதி, கால், குழந்தைச் சொட்டு மருந்துன்னு எந்த அளவும் கிடையாது. அதை உடைச்சு வெளியேத்தற சக்தி பூனையோட கல்லீரலுக்கு இல்ல. ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமப் போகும், ஈறு பழுப்பா மாறும், முகமும் பாதமும் வீங்கும். குடுத்துட்டீங்கன்னா விடியட்டும்னு காத்திருக்காம ஓடுங்க; அசிட்டைல்சிஸ்டீன்ங்கற முறிவு மருந்து சீக்கிரம் உள்ள போனாத்தான் பிழைக்க வழி. நாய்க்கு நம்ம வலி மாத்திரையான இப்யூபுரூஃபன், டைக்ளோஃபெனாக் குடுத்தா குடல்ல புண், அப்புறம் சிறுநீரகமும் கெடும். (மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபெனாக் பாறு கழுகுகளையே அழிச்சதாலதான் 2006ல கால்நடைக்கு அதைத் தடை பண்ணாங்க. இன்னமும் நாய்க்கு நசுக்கிப் போடறாங்க.)

மூட்டு வலிக்கு நாய்க்கு மெலாக்சிகாம்னு ஒரு மருந்து இருக்கு. முதல் நாள் கிலோவுக்கு 0.2 மில்லிகிராம், மறுநாள்ல இருந்து 0.1, ஒரே வேளை, சோத்துக்கூட. அதாவது 15 கிலோ நாய்க்கு ரெண்டாம் நாள்ல இருந்து 1.5 மில்லிகிராம்தான். மருந்துக் கடையில மனுஷனுக்கு விக்கிற 15 மில்லிகிராம் மாத்திரை அதுக்குப் பத்து மடங்கு! டாக்டர் எழுதாம, கல்லீரலும் சிறுநீரகமும் பார்க்காம இதையும் தொடாதீங்க. ஸ்டீராய்டு ஊசி போட்டிருந்தா சேரவே சேராது. வாந்தி, கறுப்பு மலம் தெரிஞ்சா உடனே நிறுத்தணும். இத்தனையும் பண்ணிட்டு நாயைப் பளபளன்னு இருக்கற டைல்ஸ் தரையிலேயே வழுக்க விட்டா என்ன பிரயோஜனம்? ஒரு பழைய ரப்பர் மேட்டைப் போடுங்க, நகத்தை வெட்டுங்க.

பல்லுக்கு வந்தா, ‘வயசான நாய்க்கு மயக்கம் குடுக்க முடியாது’ன்னு ஒரு பல்லவி. ரத்தமும் இதயமும் பார்த்து, டிரிப் ஏத்தி, மூச்சுக்குழாயில குழாய் வெச்சுக் குடுக்கலாம். மயக்கமில்லாம சுரண்டினா கண்ணுக்குத் தெரியற காரைதான் போகும்; ஈறுக்கடியில சீழ் அப்படியே இருக்கும்.

கருத்தடை பண்ணாத பெண் நாயா? ஹீட் (இணை சேர்ற பருவம்) முடிஞ்சு நாலுல இருந்து எட்டு வாரத்துல குடம் குடமாத் தண்ணி குடிச்சு, வாந்தி எடுத்து, சுருண்டு படுத்தா கர்ப்பப்பையில சீழான்னு அன்னைக்கே ஸ்கேன் பண்ணிடணும். கர்ப்பப்பை வாய் மூடியிருந்தா வெளியில சீழ் ஒரு சொட்டுகூட வராது. ‘ஏதோ தின்னிருக்கும், நாளைக்குப் பார்ப்போம்’னா நாளைக்கு நாய் இருக்காது.

இதுக்கெல்லாம் காசு வேணும், ஒத்துக்கறேன். மூச்சு எண்ண என்ன காசு? அசந்து தூங்கறப்போ விலா ஏறி இறங்கினா ஒண்ணு. நிமிஷத்துக்கு 30ஐத் தாண்டுதா, ரெண்டு மணி நேரம் கழிச்சு மறுபடி எண்ணுங்க. அப்பவும் தாண்டினா இதயத்தைப் பார்க்கணும், அன்னைக்கே. அப்பவும் எவனாவது ‘வயசாயிடுச்சுல்ல’ன்னு சொன்னா ஸ்டெத்தாஸ்கோப்பை எடுத்து அவன் கையில குடுங்க.