தராசின் திரை யார் பக்கம் திரும்பியிருக்கிறது?

மூணாறு, தேவிகுளம், பீர்மேடு பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் வேலை செய்யும் முறை வேகமாக மாறிக்கொண்டிருக்கிறது. கையால் கிள்ளிய இடத்தில் கத்தரி வந்தது, கத்தரி பழகி முடிப்பதற்குள் பேட்டரி மெஷின் வந்துவிட்டது. முள்தராசுக்குப் பதில் டிஜிட்டல் தராசு, பேர் கூப்பிடுவதற்குப் பதில் விரல்ரேகை மெஷின். இதெல்லாம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வேலைக்கு ஆள் குறைந்துவரும் மலையில் மெஷின் வரத்தான் செய்யும். ஆனால் எல்லாம் முடிவான பிறகு ஒருநாள் காலை வேலைக்கு ஆள் கூடிப் பேர் கொடுக்கும் மஸ்டரில் அறிவிப்பதும், "யூனியன்ல பேசியாச்சு" என்று வாயடைப்பதும்தான் எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு மாற்றம் யாருடைய கை வழியாக நடக்கவேண்டுமோ அவர்களோடு முடிவுக்கு முன்பே உட்கார்ந்து பேசவேண்டும். அவர்கள் சொல்லி ஏதாவது ஒன்றாவது மாறவேண்டும்.

தராசையே எடுத்துக்கொள்ளுங்கள். மழைக்காலத்தில் சாக்கும் நனைந்திருக்கும், இலையிலும் தண்ணீர் இருக்கும். சாக்குக்கு இவ்வளவு, தண்ணீருக்கு இவ்வளவு என்று எடையில் கழிப்பார்கள். முள்தராசு இருந்தவரை முள் எங்கே நிற்கிறது என்று கொழுந்து எடுத்தவருக்கும் தெரிந்தது. டிஜிட்டல் வந்ததும் திரை, எழுதுகிறவர் பக்கம் போய்விட்டது. "இருபத்திமூணுக்கா" என்று அவர் சொல்வதுதான் எடை. கழிவு போகவா, கழிவோடா என்று வரிசையில் முப்பது பேர் நனைந்துகொண்டு நிற்கும்போது யார் கேட்பது? கருவி பழையதைவிடச் சரியாகவே காட்டும், ஆனால் அதன்மேல் நம்பிக்கை இல்லாமல் போகிறது. வாங்குவதற்கு முன் கொழுந்து எடுக்கும் நான்கு பேரைக் கூப்பிட்டுக் கேட்டால் போதும். இரண்டு பக்கமும் திரை உள்ள தராசைக் கேட்பார்கள், கழிவைத் தனி வரியில் அச்சடிக்கும் சீட்டைக் கேட்பார்கள். காய்ந்த சாக்கையும் நனைந்த சாக்கையும் எல்லார் முன்னாலும் நிறுத்து, அந்த எடையைப் பலகையில் எழுதிவைத்தால் பாதித் தகராறு அன்றே தீரும்.

விரல்ரேகையும் இப்படித்தான். வருஷக்கணக்காகக் கொழுந்து கிள்ளிய பெருவிரலிலும் சுட்டுவிரலிலும் ரேகை தேய்ந்திருக்கும், கறை ஏறியிருக்கும். மெஷின் அவரை அடையாளம் காணாது. மோதிரவிரலையும் சேர்த்துப் பதிவு செய்வதும், மெஷின் எடுக்காவிட்டால் அதே நிமிடம் கையால் எழுதிக் கையெழுத்து வாங்குவதும் முதல் நாளே முடிவாகியிருக்கவேண்டும். இல்லையென்றால் ஒருநாள் பேர், அதாவது அன்றைய வருகையும் கூலியும், போய்விடும்.

அமெரிக்காவில் வர்ஜீனியா மாநிலத்து மேரியன் ஊரில் ஹார்வுட் என்ற பைஜாமா தொழிற்சாலையில் நடந்த ஆய்வு ஒன்று 1948-ல் வெளியானது. நம் கிலோக்காசு போலவே அங்கும் எடுக்கும் அளவுக்குத்தான் கூலி. வேலைமுறையை மாற்றியபோது ஒரு குழுவுக்கு வெறும் அறிவிப்பு. இன்னொரு குழுவிலிருந்து பிரதிநிதிகள் மட்டும் பேசினார்கள். மற்றக் குழுக்களில் எல்லாரும் உட்கார்ந்து பேசினார்கள். அறிவிப்பு மட்டும் கேட்ட குழு, மணிக்கு 60 யூனிட் என்ற பழைய வேகத்துக்குத் திரும்பவே இல்லை. 40 நாளுக்குள் நூற்றுக்கு 17 பேர் வேலையை விட்டுப் போனார்கள். பிரதிநிதிகள் பேசிய குழு இரண்டு வாரத்தில் தேறியது. எல்லாரும் பேசிய குழுக்கள் அதைவிடச் சீக்கிரம் தேறி, பழைய வேகத்தையும் தாண்டின. முதல் குழுவில் மிஞ்சிய 13 பேரைப் பிறகு வேறொரு மாற்றத்தில் முழுமையாகப் பேசவைத்தபோது அவர்களும் அதே வேகத்தில் ஏறினார்கள் என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. "நம்ம ஆளுங்களுக்குப் புதுசு எதுவும் ஏறாது" என்று சொல்லும் மேனேஜர்கள் அந்த 13 பேரை நினைக்கவேண்டும்.

நம் மலையிலேயே 2015 செப்டம்பர் இருக்கிறது. போனஸ் 20 சதவீதத்திலிருந்து 10 ஆனபோது மூணாறில் பெண்கள் ரோட்டில் உட்கார்ந்தார்கள். கம்பெனியை மட்டுமல்ல, தங்கள் பேரில் பேசிவந்த யூனியன் தலைவர்களையும் கிட்ட வரவிடவில்லை. 'பெம்பிளை ஒருமை' (பெண்கள் ஒற்றுமை) என்று அதற்குப் பெயர் வந்தது. ஒன்பது நாள் கழித்து, போனஸ் 8.33, கூடுதல் தொகை 11.67 என்று பழைய 20 சதவீதமே கைக்கு வந்தது. அந்த மூணாறுத் தோட்டங்களை நடத்தும் நிறுவனத்தில் 2005 முதல் தொழிலாளர்கள் பங்குதாரர்கள் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். பங்கும் இருந்தது, யூனியனும் இருந்தது. கொழுந்து எடுக்கும் பெண் நேரடியாகப் பேசும் இடம்தான் இல்லை.

கத்தரியும் மெஷினும் வரும்போது பெரிய பயம் உடம்புவலி அல்ல, ஒரு நாளைக்குக் கட்டாயம் எடுக்கவேண்டிய அடிப்படை அளவு. புதுக் கருவியில் ஒருவர் ஒரு நாளைக்கு இரட்டிப்பாக எடுத்துக் காட்டினால், அடுத்த மாதம் அதுவே எல்லாருக்கும் கட்டாய அளவாகிவிடும் என்று தெரியும். அதனால் சோதனைக் காலத்தில் யாரும் முழு வேகம் காட்டமாட்டார்கள், மேனேஜ்மென்டுக்குத் தப்பான கணக்குத்தான் கிடைக்கும். சோதனைக்கு முன்பே எழுதிக் கையெழுத்திட வேண்டியவை இரண்டு: இந்தக் காலத்தில் எடுத்த கிலோவை வைத்து அடிப்படை அளவை ஏற்றமாட்டோம், பழகும் வரை முந்தைய மூன்று மாதச் சராசரிக்குக் கீழே யாருடைய கூலியும் போகாது. சோதனைக்கு ஒரு காடு (தோட்டத்தின் ஒரு பகுதி), இருபது பேர், அதே செடிகளில் குறைந்தது மூன்று ரவுண்டு கொழுந்து எடுப்பு. ஒரே ரவுண்டில் நிறுத்தினால், கத்தரி வெட்டின மட்டத்தில் அடுத்த கொழுந்து எப்படி வருகிறது என்பது தெரியாது. அந்த இருபது பேரில் ஐம்பது வயது தாண்டியவர்களும் இருக்கவேண்டும். இளசுகளை மட்டும் வைத்து எடுத்த கணக்கு மற்றவர்களுக்குப் பொருந்தாது.

தோட்டத்தில் ஒன்றைத் தொட்டால் மூன்று அசையும். நாளுக்கு மூன்று நிறுவையை இரண்டாக்கினால் எழுதுகிற ஆள் மிச்சம் என்று ஆபீஸில் தோன்றும். ஆனால் கிள்ளிய பிறகும் இலை மூச்சுவிட்டுச் சூடு விடுகிறது. சாக்கில் அமுக்கிக் காத்திருந்தால் நடுவில் கைவைக்க முடியாத வெக்கை, இலை சிவந்துவிடும். அந்த இலை ஃபேக்டரியின் வாடல் தொட்டியில் ஒரே சீராக வாடாது. ஒரு கிலோ தூளுக்கு நாலு, நாலரை கிலோ பச்சை இலை வேண்டும். அதில் ஒரு பங்கு சிவந்தாலே தூளின் ருசி போகும், ஏலத்தில் விலை குறையும், கடைசியில் பழி ஃபேக்டரியில் தூள் தயாரிப்பைப் பார்க்கும் டீமேக்கர் மேல் விழும். நிறுவை நேரம் தள்ளினால் கிரீச்சில் (பிள்ளைகள் காப்பகத்தில்) பிள்ளைக்குப் பால் கொடுக்கப் போகும் நேரமும் தள்ளும். ஆகவே பேச உட்காரும்போது கொழுந்து எடுப்பவர், டிராக்டர் ஓட்டுநர், ஃபேக்டரி ஷிப்ட் ஆள், கிரீச் ஆயா நாலு பேரும் வேண்டும். கொழுந்துப் பகுதியில் பெரும்பாலும் பெண்கள் என்பதால் குழுவிலும் பாதிக்கு மேல் அவர்களே இருக்கட்டும், ஆளை அவர்களே மஸ்டர் பிரட்டில் கைதூக்கித் தேர்ந்தெடுக்கட்டும்.

சட்டமும் இதற்கு இடம் தருகிறது. கூலி, வேலைநேரம், ஷிப்ட் போன்றவற்றை மாற்ற 21 நாள் முன்னறிவிப்பு வேண்டும் என்றது 1947 தொழில் தகராறு சட்டத்தின் 9ஏ பிரிவு. அதற்குப் பதிலாக வந்த 2020 தொழிலுறவுச் சட்டத் தொகுப்பும் அந்த 21 நாளை வைத்திருக்கிறது. 20 பேரும் அதற்கு மேலும் உள்ள இடத்தில் குறைதீர்ப்புக் குழுவும், அதில் பெண்களுக்கு விகிதப்படி இடமும் உண்டு. ஆனால் அறிவிப்பு எந்த மொழியில் இருக்கிறது? மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் ஒட்டினால் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் பாதிப் பேருக்கு எட்டாது. தமிழில் ஒட்டி, மஸ்டரில் வாய்விட்டு வாசிக்கவேண்டும். ஜார்க்கண்ட், அசாமிலிருந்து வந்தவர்களுக்கு அவர்கள் ஆளில் ஒருவர் எடுத்துச் சொல்லவேண்டும். பேசிய கூட்டத்தின் குறிப்பில் யார் என்ன சொன்னார், எது ஏற்கப்பட்டது, ஏற்காததற்குக் காரணம் என்ன என்று மூன்று பத்தி போட்டு, ஒரு வாரத்துக்குள் அதே பலகையில் ஒட்டவேண்டும்.

இன்னொன்று, காலம். கொழுந்து கொட்டும் ஏப்ரல், மே மாதங்களில் புதுத் தராசையும் விரல்ரேகையையும் இறக்காதீர்கள். வரிசை நீளும், கோபம் ஏறும், பிழை திருத்த யாருக்கும் நேரமிருக்காது. ஜனவரி, பிப்ரவரியில் பனி அடித்துக் கொழுந்து குறைந்திருக்கும்போது தொடங்கி, பழைய முறையையும் ஒரு மாதம் கூடவே ஓட்டுங்கள். சாயங்காலம் இரண்டு கணக்கையும் நிறுவை ஷெட்டில் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டுங்கள்.