போபாலுக்கும் அமெரிக்காவைப் போல நீண்ட கெடு வேண்டும்

1984 போபால் விஷவாயுக் கசிவுக்கான இழப்பீடு 1989-லேயே முடிந்துபோன விஷயம் என்று ஒரு கட்டுரை சொல்வதை ஏற்க முடியவில்லை. ஆலையை நடத்திய யூனியன் கார்பைடு நிறுவனமும் இந்திய அரசும் 47 கோடி டாலரோடு ஒரேயடியாகக் கணக்கை முடித்தார்கள். விஷவாயுவால் நோயாளியான பெரும்பாலோருக்கு முதலில் கிடைத்தது 25,000 ரூபாய்தான். நாலு படி ஏறினாலே மூச்சு வாங்குகிறவருக்கு அது எத்தனை மாத மருந்துக்கு வரும்?

அமெரிக்காவில் 2001 தாக்குதலில் இடிந்த இரட்டைக் கோபுரங்களின் புழுதியைச் சுவாசித்தவர்களுக்குச் சிகிச்சையும், இழப்பீடு கோரும் உரிமையும் 2090 வரை உண்டு. தீயணைப்பு வீரர்களுக்கு மட்டுமல்ல, அந்தப் பகுதியில் குடியிருந்தவர்கள், படித்த பிள்ளைகளுக்கும்தான். புற்றுநோய் இருபது வருடம் கழித்தும் தலைகாட்டுமே!

கூடுதல் இழப்பீடு கேட்ட மனுவை 2023-ல் தள்ளுபடி செய்த உச்ச நீதிமன்றம், பற்றாக்குறையை ஈடுகட்டுவது மத்திய அரசின் பொறுப்பு என்றது. சரி, அந்தப் பணத்தை அரசு எப்போது தரப்போகிறது?