எங்களிடம் யாரும் பற்றுச்சீட்டுக் கேட்கவில்லை

"நாலு பில் சேர்ந்திட்டுது மச்சாள், இன்னும் ரெண்டு" என்றாள். போன கிழமை இரவு, இங்கிலாந்திலிருந்து வட்ஸ்அப்பில். என் மாமாவின் மகள். ஏதோ கடைக் கழிவுக்குப் பில் சேர்க்கிறாள் என்று நினைத்து மீன் கழுவிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் கழித்துத்தான் விளங்கியது, அது பிள்ளைக்கான பில்.

மச்சாள் அங்கே ஒரு வெள்ளைக்காரப் பெண்ணைச் சட்டப்படி கலியாணம் முடித்து வாழ்கிறாள். எங்கள் குடும்பத்தில் பாதிப் பேருக்கு இது தெரியும். மீதிப் பேருக்குத் தெரியாதது மாதிரி இருக்கத் தெரியும். மாமி கேட்பவர்களிடம் "படிப்பு, வேலை எண்டு நிக்கிறாள்" என்பா. பெத்தாதான் நேரே கேட்டா: "ரெண்டு பொம்புள ஒரு குசினியில நிண்டா சண்டை வராதா மனே?" வராது என்றேன். அதோடு விட்டுவிட்டா.

சரி, அந்தப் பில்லின் கதைக்கு வருகிறேன். இங்கிலாந்தில் அரச சுகாதார சேவையின் செலவில் ஐ.வி.எஃப், அதாவது சோதனைக்குழாய் முறை, செய்ய ஒரு வழிகாட்டல் இருக்கிறது, 2013இல் வந்தது. 40 வயதுக்குக் குறைந்த பெண்ணுக்கு மூன்று முறை வரை செய்யலாம். ஆனால் அதற்கு முன், இரண்டு வருடம் முயன்றும் கரு தங்கவில்லை என்றிருக்க வேண்டும். இல்லாவிட்டால் செயற்கையாக விந்தணு செலுத்தி 12 முறை தோற்றிருக்க வேண்டும், அதில் குறைந்தது ஆறு தரம் கருப்பைக்குள் செலுத்தும் ஐ.யு.ஐ முறையாக இருக்க வேண்டும். ஆண் பெண் தம்பதிக்கு முதல் வழி. இரண்டு பெண்களுக்கு இரண்டாவது வழி மட்டும்தான். பல இடங்களில் அந்த முயற்சிகளின் செலவு அவர்களுடைய பொறுப்பு. தனியார் கிளினிக்கில் ஒரு முறைக்கே ஆயிரம் பவுண் அளவில் போய்விடும், விந்தணுவின் விலை வேறு. மச்சாளின் பகுதியில் ஆறு ஐ.யு.ஐயின் கணக்குக் காட்டினால்தான் கதவு திறக்குமாம்.

உண்மையைச் சொன்னால் எனக்கு முதலில் வந்தது பொறாமை. பவுணில் உழைக்கிறீர்கள், கட்டினால் என்ன என்று நினைத்தேன். நாங்கள் மட்டக்களப்பிலிருந்து இரவு பஸ் பிடித்துக் கொழும்புக்குப் போய், தனியாரிடம் காட்டி, தாலிக்கொடியைத் தவிர மற்ற நகையெல்லாம் அடைவில் வைத்துத்தான் மகளைப் பெற்றோம். இலவச வைத்தியம் என்று நாடு பெருமைப்படுகிறது, பிரசவம் வரை அது உண்மையும்தான். ஆனால் எங்களைப் போன்றவர்களுக்கு அது ஸ்கானோடும் இரத்தப் பரிசோதனையோடும் நின்றுவிட்டது.

பிறகு படுக்கையில் கிடந்து யோசித்தபோது முதல் கிளினிக் நாள் நினைவுக்கு வந்தது. "எத்தனை வருஷம்?" என்று டொக்டர் கேட்டார். "இரண்டரை" என்றார் என் கணவர். டொக்டர் எழுதினார். அவ்வளவுதான். அந்த இரண்டரை வருடத்தில் எட்டு மாதம் அவர் கட்டாரில் வேலையில் இருந்தவர்! பாஸ்போட்டைக் காட்டு என்று யாரும் கேட்கவில்லை. எந்தெந்த இரவு என்று யாரும் கேட்கவில்லை, கேட்டிருந்தால் நான் எழும்பி வந்திருப்பேன். எங்கள் வாய்ச்சொல் போதுமாக இருந்தது. மச்சாளுக்கு ஒவ்வொரு முயற்சிக்கும் திகதியும் தொகையும் போட்ட பற்றுச்சீட்டு வேண்டும்.

"அவர்களுக்கு நோய் இல்லையே, நோயில்லாதவருக்கு ஏன் அரச காசு?" என்று கேட்கிறவர்கள் அங்கேயும் இருக்கிறார்கள். இதற்குப் பதில் என் உடம்பில் இருக்கிறது. கணவரிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்: குறை அவருடைய விந்தணு எண்ணிக்கையில். எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் வயிற்றில் ஊசி போட்டது எனக்கு, முட்டை எடுத்தது என்னிடமிருந்து. நோயில்லாத எனக்குச் செய்தது வைத்தியம் என்றால் நோயில்லாத மச்சாளுக்குச் செய்வதும் வைத்தியம்தான். அந்த வழிகாட்டலே, பிள்ளை இல்லாத தம்பதிகளில் ஏறத்தாழ 25 வீதத்தினருக்குக் காரணமே தெரியாது என்கிறது. காரணம் தெரியாது என்று அவர்களை யாரும் திருப்பி அனுப்புவதில்லை.

இதன் விளைவு எண்ணிக்கையிலும் தெரிகிறது. 2018இல் அங்கே நடந்த ஐ.வி.எஃப் முறைகளில் ஆண் பெண் தம்பதிகளுக்கு 39 வீதம் அரச செலவில் நடந்தன. பெண் தம்பதிகளுக்கு 14 வீதம், தனியாக வந்த பெண்களுக்கு 6 வீதம். 2022இல் அரசாங்கம் இந்தத் தடையை எடுக்கிறோம், ஆறு ஐ.யு.ஐயையும் அரச செலவிலேயே தருகிறோம் என்று பெண்கள் சுகாதாரத் திட்டத்தில் எழுதிக் கொடுத்தது. ஆனால் காசை வைத்திருப்பது பிராந்தியச் சபைகள், அப்போது 42 இருந்தன. ஒவ்வொன்றும் தன் பாட்டில் முடிவெடுக்கும். கல்லடிப் பாலத்துக்கு இந்தப் பக்கம் ஒரு விதி, புளியந்தீவுப் பக்கம் வேறு விதி என்றால் எப்படியிருக்கும்? மேகன், விட்னி பேக்கன்-எவன்ஸ் என்ற தம்பதி தங்கள் பகுதிச் சபைக்கு எதிராக 2021இல் நீதிமன்றம் போனார்கள். 2023இல் அந்தச் சபை கொள்கையை மாற்ற ஒப்புக்கொண்டது. அதாவது பிள்ளை பெற ஒரு வழக்கும் தேவைப்பட்டிருக்கிறது.

எங்கள் ஆட்கள் நிறைந்த வேறு இரண்டு இடங்களில் இவ்வளவு சிக்கல் இல்லை. கனடாவில் ஒன்ராறியோ மாகாணம் 2015 கடைசியிலிருந்து, துணை ஆணா பெண்ணா என்று பார்க்காமல், ஒரு ஐ.வி.எஃப் முறைக்குச் செலவு கொடுக்கிறது. காத்திருக்க வேண்டும், மருந்துக் காசும் தன் கையால்தான். ஆனால் காத்திருப்பு எல்லோருக்கும் ஒரே வரிசை. பிரான்ஸ் 2021 ஓகஸ்ட்டில் சட்டத்தை மாற்றிப் பெண் தம்பதிகளுக்கும் இந்தக் கதவைத் திறந்தது. அதுவரை அந்த நாட்டுப் பெண்கள் பெல்ஜியத்துக்கு ரயில் ஏறிக்கொண்டிருந்தார்கள்.

இங்கே? இங்கே பில்லுக்கே இடமில்லை. தண்டனைச் சட்டக்கோவையின் 365அ பிரிவை 1995இல் திருத்தியபோது ஆண்களுக்கு மட்டும் இருந்த ஒருபாலுறவுக் குற்றத்தைப் பெண்களுக்கும் சேர்த்துவிட்டார்கள். சமத்துவம் வந்த விதத்தைப் பாருங்கள். அதை நீக்கும் தனிநபர் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணில்லை என்று 2023இல் உயர்நீதிமன்றம் சொன்னது. வீட்டுக்கு வரும் மருத்துவிச்சி அக்காவின் பதிவேட்டில் மச்சாளைப் போன்ற ஒரு வீட்டை எந்த வரியில் எழுதுவது?

இத்தனைக்கும் இது தாய்வழி பார்க்கிற ஊர். கோயில் சடங்கில் குடி கூறும்போது எந்தக் குடி, அதாவது எந்தக் குலம், அதில் எந்த வயிற்றுவார், அதாவது எந்தத் தாய்வழி என்றுதான் பார்ப்போம். பிள்ளை தாயின் குடி. தகப்பன் நல்லவராக இருந்தாலும் குடி மாறாது. மச்சாளுக்குப் பிறக்கும் பிள்ளைக்கு என்ன குடி என்று எங்கள் ஊரில் ஒரு கிழவிக்கும் சந்தேகம் வராது. சந்தேகமெல்லாம் மற்ற விஷயத்தில்தான்.

மச்சாள் நேர்த்தி வைக்கச் சொன்னாள். வெள்ளிக்கிழமை மாமாங்கம் போனேன். அர்ச்சனைக்கு இரண்டு பெயர் கொடுத்தேன். மச்சாளுக்கு உத்தரம். மற்றவவின் நட்சத்திரம் கேட்டார் ஐயர். தெரியாது என்றேன். இரண்டாவது பெயரைத் திரும்பக் கேட்டார், நாக்கில் பிடிபடவில்லை, இரண்டு தரம் பிழையாகச் சொல்லி மூன்றாம் தரம் சரியாகச் சொன்னார். வேறொன்றும் கேட்கவில்லை.

ஐந்தாவது முறை அடுத்த மாதம் 9ஆம் திகதி.