புலம்பு என்றால் தனிமை

"சும்மா புலம்பிக்கிட்டே இருக்காதம்மா" என்று போன வாரம் போனில் சொல்லிவிட்டேன். அப்பா போய் நாலு வருஷமாகிறது, அம்மா ஊரில் தனியாகத்தான் இருக்கிறாள். முற்றத்தில் காயப்போட்ட வடகத்தை அணில் வந்து இழுத்துப் போடுகிறது, சிலிண்டர் கொண்டு வந்த பையன் வாசலிலேயே இறக்கிவிட்டுப் போய்விட்டான், எதிர்வீட்டில் எல்லோரும் திருப்பூர் போய்விட்டதால் ராத்திரியானால் தெருவே இருண்டு கிடக்கிறது என்று ஒன்று மாற்றி ஒன்று சொல்லிக்கொண்டே போனாள், எனக்கு மீட்டிங்குக்கு நேரமாகிவிட்டது, வாயில் வந்ததைச் சொல்லிவிட்டேன். "சரிப்பா, நீ வேலையப் பாரு" என்று வைத்துவிட்டாள்.

அந்தச் சொல்தான் உறுத்துகிறது. தொல்காப்பியத்தில், சொற்பொருள் சொல்லும் உரியியல் என்ற பகுதியில், இரண்டே சொல்லில் ஒரு நூற்பா உண்டு: "புலம்பே தனிமை." கல்லூரியில் மனப்பாடம் செய்தது. புலம்பு என்ற சொல்லுக்கு அங்கே அழுகை என்று பொருள் சொல்லவில்லை, முணுமுணுப்பு என்றும் சொல்லவில்லை. தனிமை, அவ்வளவுதான்.

குறுந்தொகை 41ஆம் பாட்டைப் பாருங்கள். காதலன் பக்கத்தில் இருந்தால் திருவிழா நடக்கிற ஊர் மாதிரி மகிழ்ந்திருப்பேன், அவன் போய்விட்டாலோ "மக்கள் போகிய அணிலாடு முன்றில் புலப்பில் போல" பொலிவிழந்து வருந்துவேன் என்று தோழியிடம் சொல்கிறாள் ஒருத்தி. புலம்பு, இல் இரண்டும் சேர்ந்துதான் அங்கே புலப்பில் என்று வந்திருக்கிறது. இன்றைய காதோடு கேட்டால் புலம்புகிற வீடு என்று தோன்றும், ஆனால் அது ஆளில்லாமல் தனித்துக் கிடக்கிற வீடு. விரட்ட யாருமில்லை என்றால்தானே அணிலுக்கு முற்றத்தில் அப்படி ஆடத் தைரியம் வரும்! பாடியவரின் சொந்தப் பெயர் நமக்குக் கிடைக்கவில்லை, அந்தத் தொடரை வைத்தே அணிலாடு முன்றிலார் என்கிறோம். எத்தனையோ தடவை படித்த பாட்டு, அம்மா அணிலைப் பற்றிச் சொன்னபோது மட்டும் ஞாபகம் வரவில்லை.

தனி என்ற சொல்லில் ஒரு பெருமையும் கலந்திருக்கிறது. தனி ருசி, தனி மரியாதை என்கிறோம், புருஷனும் பெண்டாட்டியுமாக இரண்டு பேர் போய் இருந்தாலும் தனிக்குடித்தனம்தான். புலம்பில் அந்தப் பெருமை கிடையாது, கூட இருந்தவர்கள் போய்விட்ட வெறுமைதான் அதில் இருக்கிறது. அப்படி விடப்பட்டவர் என்ன செய்வார்? பேசுவார். சுவரிடமாவது, அடுப்பிடமாவது பேசுவார். அந்த நிலைக்கு இருந்த பெயர் அந்தப் பேச்சுக்குப் பெயராகிவிட்டது என்றுதான் நான் நினைக்கிறேன். அப்புறம் நாம் நிலையை மறந்துவிட்டு பேச்சை மட்டும் குறை சொல்ல ஆரம்பித்துவிட்டோம். ஆபீஸில் மேலாளர் அரை மணி நேரம் பேசினால் ஆதங்கப்படுகிறார் என்போம், அதையே வயதான பெண் பத்து நிமிடம் பேசினால் புலம்பல். இது எனக்குத் துளியும் பிடிக்கவில்லை, நானே சொல்லியிருக்கிறேன் என்பதால் இன்னும் பிடிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நானே கூப்பிட்டு அணில் என்ன செய்கிறது என்று கேட்டேன். வடகத்தை மாடிக்கு மாற்றிவிட்டாளாம், அங்கேயும் வருகிறதாம், இப்போது இரண்டு வருகிறதாம், ஒன்றுக்கு வால் பாதிதான் இருக்கிறதாம். நாற்பது நிமிடம் பேசினாள்.